மழை நிறுத்தும் குதிரை

ஜப்பானில் வேலை பார்க்கும் மகள் டிக்கெட் போட்டு அனுப்பியபோது இங்கே மார்கழி பிறந்திருந்தது. கரிசல்காட்டுக்காரிக்கு அது வீட்டை விட்டு நகரக்கூடாத மாதம். நாகலாபுரம் பக்கத்தில் எங்களுக்கு இரண்டு துண்டு நிலம் இருக்கிறது. இரண்டும் மானாவாரி. ஒன்றில் உளுந்து விளைந்து நின்றது, அது என் வீட்டுக்காரர் வெள்ளாமை. இன்னொன்றில் மிளகாய் பூவெடுத்திருந்தது, அது என்னுடையது. உளுந்துக்கு இனி ஒரு சொட்டு மழை ஆகாது. மிளகாய்க்கோ ஒரு மழை கிடைக்காவிட்டால் பூவெல்லாம் கொட்டிப்போகும். ஒரே வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு, வானத்தைப் பார்த்து ஆளுக்கொன்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

"நீ போயிட்டு வா. இங்கன நான் பாத்துக்கிடுதேன்" என்றார். உளுந்தைப் பார்ப்பார், சந்தேகமில்லை. என் மிளகாய்க் காட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். சாமி கும்பிடுகிற ஆளும் இல்லை. நான் அய்யனாருக்கு விளக்குப் போடும்போதெல்லாம், "மழை காத்துல வருதுட்டி, கும்புடுல வரல" என்று வெளியே நின்று கேலி பேசுவார்.

அங்கே போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் போன் செய்தார். உளுந்தை அறுத்துக் களத்தில் காயப்போட்டாயிற்று, நாளைக்கழித்துத்தான் அடிக்கிற மெஷின் வருகிறது, வானம் மூட்டமாக இருக்கிறது என்றார். குரல் இறங்கியிருந்தது. நனைந்தால் உளுந்து களத்திலேயே முளைத்துவிடும். வருஷத்துப் பாடு அவ்வளவுதான்.

அன்றைக்குத்தான் மகள் என்னை மலையடிவாரத்தில் ஒரு பழைய கோவிலுக்குக் கூட்டிப்போனாள். பல நூறு வருஷத்துக் கோவிலாம், தண்ணீருக்கான சாமியாம். சிவப்பு மரத்தூண் வாசலைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டேன்.

"எம்மா, இங்க கழட்ட வேண்டாம்."

"கோவிலுட்டி இது" என்று சொல்லிவிட்டு நடந்தேன். சரளைக்கல் அந்தக் குளிரில் நெருஞ்சி முள்ளை விட மோசமாகக் குத்தியது. கொஞ்ச தூரத்திலேயே கால் மரத்துப்போனது. என் பக்தி அவ்வளவுதான் என்று திரும்பி வந்து போட்டுக்கொண்டேன். மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள்.

நடுப்பாதை சாமி நடக்கிற வழி என்று ஓரமாகவே கூட்டிப்போனாள். மூங்கில் அகப்பையில் தண்ணீர் மொண்டு இடது கையைக் கழுவி, வலது கையைக் கழுவி, வாயைக் கொப்பளித்தோம். சூடமில்லை, திருநீறு இல்லை, சன்னதிக் கதவு சாத்தியே இருந்தது. எனக்கு அது குறையாகப் படவில்லை. எங்கள் குலசாமிக்கும் முகம் கிடையாது, ஒரு கல்தான். இரண்டு தடவை குனிந்து, இரண்டு தடவை கைதட்டி, மறுபடி ஒரு தடவை குனிய வேண்டும் என்றாள்.

"சாமியக் கைதட்டியா கூப்பிடுதாவ?"

"வந்துருக்கேன்னு சொல்லுததும்மா."

கதவைத் தட்டிவிட்டுப் பேசுகிற மரியாதை. எனக்குப் பிடித்திருந்தது.

பக்கத்தில் குதிரைப் படம் போட்ட சின்ன மரப்பலகைகள் விற்றார்கள். வேண்டுதலை எழுதி அங்கேயே தொங்கவிட வேண்டும். அந்தக் காலத்து ராஜாக்கள் இந்தச் சாமிக்கு உயிர்க் குதிரையையே கொடுத்தார்களாம். மழை வேண்டுமென்றால் கருப்புக் குதிரை, பெய்தது போதுமென்றால் வெள்ளைக் குதிரை. எங்கள் அய்யனாருக்கும் மண்குதிரை செய்துவைக்கிறோம், ஆனால் இப்படி நிறம் பார்த்ததில்லை. கருப்பொன்று வெள்ளையொன்று என்று இரண்டு பலகையை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றேன். மகள் அதைப் படமெடுத்து, குதிரைக் கதையையும் சொல்லி, அப்பாவுக்கு அனுப்பினாள்.

மனசெல்லாம் கருப்பின் மேல்தான். உச்சிவெயிலில் குனிந்து குனிந்து களையெடுத்தவள் நான். ஆனால் காலையில் கேட்ட அந்தக் குரல் காதை விட்டுப் போகவில்லை. கருப்பை வைத்துவிட்டு வெள்ளையை வாங்கினேன். 'உளுந்து வீடு வந்து சேரட்டும். அதுவரை மழை வேண்டாம்' என்று தமிழிலேயே எழுதித் தொங்கவிட்டேன்.

"எம்மா, அப்போ மிளகா?"

"அது கெடக்கட்டும்" என்றேன். கருப்புக் குதிரை இருந்த பக்கம் பார்க்காமல் நடந்தேன்.

மறுநாள் போன் வந்தது. அவர் பேசுவதற்கு முன்னால் மழைச் சத்தம் கேட்டது.

"ஏட்டி, நல்ல மழை."

"உளுந்து?"

"அது நேத்தே அடிச்சு மூட்டையாக்கி வீட்டுக்குள்ள அடுக்கியாச்சு. மெஷின்காரன் கையக் காலப் புடிச்சுக் கூட்டியாந்தேன்."

"நாளைக்கழிச்சுன்னுல்லா சொன்னிய?"

"நீ கருப்புக் குதிரையும் கையுமா நின்ன படத்தப் பாத்தேன்லா. நீ கேட்டா வாங்காம வரமாட்டேன்னு தோணுச்சு." அதோடு விடவில்லை. "மிளகாக் காட்டுக்கும் போனேன். பூ நிக்குது."

பக்கத்தில் மகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். மூச்சு விடாதே என்று அவளுக்குக் கண்ணைக் காட்டினேன்.

நான் எழுதிக்கொடுத்ததை அந்தச் சாமி கேட்டதோ, வெறும் காற்றுதானோ, எனக்குத் தெரியாது. போகட்டும். மழை காற்றில்தான் வருகிறது என்று இத்தனை வருஷம் கேலி பேசிய மனுஷன், என் கும்பிடை நம்பிக் களத்தைக் காலி பண்ணியிருக்கிறார். அந்தச் சந்தோஷத்தில் அன்றைக்கு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

ஊர் திரும்பியபோது கோவில்பட்டி ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். பஸ்ஸில் பக்கத்து சீட்காரரிடம், "இவிய அங்கன போயி நமக்கு மழை கேட்டு வாங்கியாந்துருக்காவ" என்று சொன்னார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெள்ளைக் குதிரையைப் பற்றி இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.