இரண்டு ஒன்பதாம் நம்பர் கற்கள்: குன்னூர் தேயிலைத் தோட்டத்தில் ஓடிய கதை

எங்கள் கோயமுத்தூர் ஓட்டக் குழுவில் ஒரு நண்பர் போன வருடம் ஐரோப்பா போய்வந்தார். திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே, பழைய ஒயின் கிராமங்கள் வழியாக, இருபது கிலோமீட்டர் ஓடினாராம். வழியில் ஒவ்வொரு ஊரிலும் ஒரு மடக்கு ஒயின் கொடுத்தார்களாம். படங்களைக் காட்டிக் காட்டியே எங்கள் வயிற்றெரிச்சலைக் கிளப்பினார். விமான டிக்கெட் விலையைப் பார்த்ததும் எனக்கு ஞானம் வந்தது. வரிசை வரிசையாகச் செடி, நடுவே மண்பாதை, கடைசியில் குடிக்க ஒரு கோப்பை. இதற்கு ஐரோப்பா எதற்கு, குன்னூர் போதாதா?

அப்படித்தான் செப்டம்பர் கடைசி சனிக்கிழமை நானும் என் மனைவி கவிதாவும் கிளம்பினோம். எனக்கு நாற்பத்தெட்டு, அவளுக்கு நாற்பத்து நான்கு. பதினோரு வருடமாகச் சேர்ந்து ஓடுகிறோம். சேர்ந்து என்றால் ஒரே நேரத்தில் கிளம்புவோம் என்று பொருள். நான் முன்னால் போய்விடுவேன். அவள் தன் வேகத்தில் வருவாள்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கவிதாவுக்கு மூன்று வருடமாகச் சர்க்கரை நோய் உண்டு. இன்சுலின் போடுகிறாள். ஓடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், ஆனால் அரை மணிக்கு ஒருமுறை இனிப்பாக ஏதாவது வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். தவறினால் சர்க்கரை இறங்கி, கை நடுங்கி, பேச்சு குழறி, மயக்கம் வரைக்கும் போய்விடும். அதனால் குளுக்கோஸ் மாத்திரை எப்போதும் எங்களுடன் இருக்கும். இருக்கும் இடம் என் இடுப்புப் பை. பெண்களின் ஓட்ட உடுப்பில் பாக்கெட் வைப்பதை ஏதோ பாவம் என்று தைப்பவர்கள் நினைக்கிறார்கள் போல.

காலை 6.10 பஸ். மேட்டுப்பாளையம் ரோடு பஸ் நிலையத்திலிருந்து குன்னூர் ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர், ஆளுக்கு அறுபத்தெட்டு ரூபாய். கல்லாறு சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை வாங்கி வைத்துக்கொள்வார்கள், எனவே ஸ்டீல் பாட்டில் எடுத்துப் போங்கள். சொந்தக் காரில் போகிறவர்கள் இ-பாஸ் எடுக்க மறக்காதீர்கள். 9.05-க்குக் குன்னூரில் இறங்கினோம். தங்கியது பெட்ஃபோர்டு பக்கம் ஒரு வீட்டு விடுதி, ஒரு நாளுக்கு இரண்டாயிரத்து இருநூறு, காலைச் சாப்பாடு சேர்த்து.

சனிக்கிழமை மாலை உடம்பைப் பழக்க ஒரு சின்ன ஓட்டம். சிம்ஸ் பூங்கா வாசலிலிருந்து டால்பின் நோஸ் போகும் சாலையில் நான்கு கிலோமீட்டர் போய்த் திரும்பினோம். தார்ச்சாலைதான், ஆனால் வளைவுகள் மோசம். சுற்றுலா வேன்கள் ஒதுங்கவே மாட்டா. முதல் இரண்டு கிலோமீட்டரில் எனக்கு மூச்சு வாங்கியதற்கு உயரம்தான் காரணம் என்று கவிதாவிடம் சொன்னேன். மத்தியானம் சாப்பிட்ட பிரியாணி காரணம் என்று அவள் சொன்னாள்.

உண்மையான ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை. விடுதிக்காரர் ஒரு எஸ்டேட்டில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரே போனில் பேசி அனுமதி வாங்கித் தந்தார். எஸ்டேட் பெயரைக் கேட்காதீர்கள், கூட்டம் வந்தால் அவருக்குத்தான் தலைவலி. பாதையையும் ஒரு காகிதத்தில் வரைந்து கொடுத்தார். கேட்டிலிருந்து ஃபேக்டரி வரை இரண்டு கிலோமீட்டர். அங்கே பாதை இரண்டாகப் பிரியும். மேல் பாதை நாலரை கிலோமீட்டர், செம மேடு. கீழ்ப் பாதை மூன்று கிலோமீட்டர், பெரும்பாலும் சமம். "ரெண்டும் ஒம்பதாம் நம்பர் கல்லுகிட்டச் சேருமுங்க" என்றார். தேயிலைக் காட்டின் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு எண் உண்டு. வெள்ளையடித்த கல்லில் கறுப்பு மையில் எழுதிப் பாதையோரம் நட்டிருப்பார்கள்.

விடுதியிலிருந்து எஸ்டேட் கேட் ஏழு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு முந்நூறு ரூபாய். ஓட்டுநர் என் காலணியையும் குட்டைக் கால்சட்டையையும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

"ஏனுங்க சார், ஓடறதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? கோயமுத்தூர்ல ரோடு இல்லீங்களா?"

"ரோடு இருக்குதுங்க. காத்துதான் இல்லை."

"அதுஞ் செரிதான். எட்டு மணிக்கு மேல ஓடுங்க. கொழுந்து எடுக்கற ஆளுங்க எறங்குனாத்தான் காட்டெருமை ஒதுங்கும்."

தலையாட்டினேன். மணி அப்போது 6.55. ஓடுகிறவனிடம் எட்டு மணிக்குக் கிளம்பு என்று சொன்னால் அவன் காதில் ஏறுமா?

சரியாக ஏழு மணிக்குத் தொடங்கினோம். பனிமூட்டம் செடிகளின் மேல் படுத்துக் கிடந்தது. நூறடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. மண்பாதை ஈரமாக இருந்தாலும் கால் வழுக்கவில்லை. 7.16-க்கு ஃபேக்டரி வாசல். கவிதாவுக்கு இரண்டு மாத்திரை எடுத்துக் கொடுத்தேன். அங்கேயே பாதியைக் கொட்டி அவள் கையில் கொடுத்திருக்கலாம். எனக்கோ மேட்டில் ஏற வேண்டும், ஏறியது செயலியில் பதிவாக வேண்டும், அதை அந்த ஐரோப்பா நண்பருக்கு அனுப்ப வேண்டும் என்ற அவசரம்.

"கீழ்ப் பாதையிலயே போ. ஒம்பதாம் நம்பர்ல எனக்கு முன்னாடி நிப்பே" என்றேன்.

"போய்ட்டு வாங்க. மெதுவா ஏறுங்க" என்றாள்.

மேல் பாதை அற்புதம், பொய் சொல்லவில்லை. சில்வர் ஓக் மரங்கள், நடுவில் இரண்டு ஓடை, ஒரு திருப்பத்தில் பனி விலகிக் கீழே பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்தது. நின்று படமெடுத்தேன். 7.47-க்கு ஒன்பதாம் நம்பர் கல் வந்தது. கவிதா இல்லை.

கீழ்ப் பாதையை அவள் 7.45 வாக்கில் முடித்திருக்க வேண்டும். எங்கேயாவது பூவைப் பார்த்து நின்றிருப்பாள் என்று நினைத்தேன். 7.55-க்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தது, வியர்வை ஆறிக் குளிர ஆரம்பித்தது. போனை எடுத்தால் ஒரு புள்ளிகூடச் சிக்னல் இல்லை. எட்டு மணி தாண்டியபோது இடுப்புப் பையில் கை பட்டது. உள்ளே மாத்திரை டப்பா கலகலவென்று சத்தம் போட்டது. அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. அவள் கடைசியாக இனிப்புச் சாப்பிட்டு முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

அதற்குமேல் நான் ஓடியதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. வந்த பாதையிலேயே கீழே விழுந்தடித்துப் போனேன். பனிக்குள் கரிய உருவம் எதைப் பார்த்தாலும் காட்டெருமையாகத் தெரிந்தது. செடிகளுக்கு நடுவே அவள் விழுந்து கிடந்தால் பத்தடி தள்ளிப் போகிறவனுக்குக்கூடத் தெரியாது. "கவிதா, கவிதா" என்று கத்தினேன். எனக்கு இவ்வளவு பயம் இதற்கு முன் வந்ததே இல்லை.

8.12-க்கு ஒரு வளைவில் கொழுந்து எடுக்கும் பெண்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். முப்பது நாற்பது பேர் இருக்கும், இடுப்பில் பிளாஸ்டிக் படுதா, முதுகில் பை. கூட ஒரு சூப்பர்வைசர். மூச்சு வாங்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன்.

"எந்த டிவிசன் ஒம்பதுங்க?" என்று கேட்டார் அவர்.

எனக்குப் புரியவில்லை.

"மேல் டிவிசனுக்கு ஒரு ஒம்பது இருக்குதுங்க, கீழ் டிவிசனுக்கு ஒரு ஒம்பது இருக்குதுங்க. ரெண்டு பாதையும் சேர்றது கீழ் டிவிசன் ஒம்பதுல. நீங்க இன்னும் முக்கால் கிலோமீட்டர் எறங்கியிருக்கோணும்."

விடுதிக்காரருக்கு முப்பது வருடப் பழக்கம், அவர் அதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருப்பார். எனக்கோ கல்லில் ஒன்பது என்று எழுதியிருந்தால் போதும். ரோட்டில் ஓடிப் பழகியவன், ஒரு எண்ணுக்கு ஒரு கல்தான் இருக்கும் என்று நம்புகிறவன்.

"போன் வேலை செய்யாதுங்க. இருங்க" என்றவர் ஒரு பெண்ணைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தப் பெண் சரிவின் ஓரம் போய் நின்று, வாய்க்கு இருபுறமும் கையை வைத்துக் கீழே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஏய் மல்லிகா, கீழ ஒம்பதுல பச்சை பனியன் போட்ட அம்மா ஒண்ணு நிக்குதான்னு கேளு."

பனிக்குள்ளிருந்து வேறொரு பெண் குரல் அதையே திருப்பிச் சொன்னது. அதற்கும் கீழே இன்னொரு குரல். பிறகு இன்னொன்று, அது எனக்குச் சொல்லாகவே கேட்கவில்லை. எஸ்டேட்டில் சேதி போவது இப்படித்தானாம், காட்டெருமை நிற்கிறது என்பதும் சம்பளம் வந்துவிட்டது என்பதும். பிறகு ஒரு சத்தமும் இல்லை. பெண்கள் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. இரண்டு நிமிடம் இருக்கும். கீழிருந்து ஏதோ ஒரு இழுவைக் குரல் மெல்ல மேலே ஏறி வந்தது. அந்தப் பெண் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"இருக்காங்களாம் சார். தராசுகிட்ட உக்காந்து டீ குடிக்கிறாங்களாம்."

நான் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்தப் பெண்கள் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது.

செடிகளுக்கு நடுவே குறுக்கு வழியைக் காட்டினார்கள். 8.31-க்குக் கீழே போய்ச் சேர்ந்தேன். கொழுந்து எடை போடும் கொட்டகையில் ஒரு சாக்கின் மேல் கவிதா உட்கார்ந்திருந்தாள். மேலே யாருடைய ஸ்வெட்டரோ. கையில் எவர்சில்வர் தம்ளர், அது லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் இருந்த வயதான அம்மா சொன்னார், "கல்லுகிட்ட நின்ன பிள்ளை கீழ குந்திருச்சு. கேட்டா சீனி வேணும்ங்குது. என் போத்தல்ல தேத்தண்ணி இருந்துச்சு, நாலு கரண்டி சீனி போட்டுக் குடுத்தேன்." சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவராம். தேநீருக்கு அவர் வாயில் இன்னும் அந்த ஊர்ப் பெயர்தான். நான் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டேன். "அட விடுங்க, தேத்தண்ணிதானே" என்றார்.

கவிதா என்னைப் பார்த்தாள். "ஏனுங்க, மேடு நல்லா இருந்துதுங்களா?"

இடுப்புப் பையைத் திறந்தேன். உள்ளே இருந்த சர்க்கரை அளக்கும் கருவியில் சோதித்தோம், 104. உயிர் வந்தது. அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு ஃபேக்டரிக்கு நடந்தே போனோம். அங்கே ஆறு வகைத் தேயிலையைச் சுவைக்கத் தந்தார்கள், ஆளுக்கு நூறு ரூபாய். எந்த வகை எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள், எனக்கு எல்லாம் ஒன்றுபோலவே தித்தித்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். அனுமதி இல்லாமல் எஸ்டேட்டுக்குள் நுழையாதீர்கள். ஆட்கள் காட்டில் இறங்கிய பிறகே ஓடுங்கள், அந்த ஆட்டோக்காரர் சொன்னது அத்தனையும் உண்மை. கல்லின் எண்ணைக் கேட்டால் டிவிசனையும் சேர்த்துக் கேளுங்கள். சாலைக் காலணியே போதும், மழை பெய்திருந்தால் மட்டும் பிடிப்புள்ள அடிப்பாகம் வேண்டும். காதில் பாட்டு வேண்டாம், இங்கே காதுக்கு வேறு வேலை இருக்கிறது. முக்கியமாக, யாருக்கு மருந்தோ மாத்திரையோ வேண்டுமோ அது அவர் உடம்பிலேயே இருக்கட்டும். குன்னூர் மார்க்கெட்டில் நூற்றெண்பது ரூபாய்க்கு இடுப்புப் பை கிடைக்கிறது. ஞாயிறு மத்தியானமே ஒன்று வாங்கினோம். சிவப்பு நிறம், அவளே தேர்ந்தெடுத்தாள்.

திங்கட்கிழமை காலை, பஸ் ஏறுவதற்கு முன், அதே கீழ்ப் பாதையில் மறுபடி ஓடினோம். எட்டரை மணிக்குத்தான். அவள் முன்னால், நான் பின்னால். இத்தனை வருடத்தில் அவள் ஓடுவதை நான் பின்னாலிருந்து பார்த்ததில்லை. முதல் வளைவில் வேகத்தைக் குறைத்துத் திரும்பிப் பார்த்தாள். அடுத்த வளைவிலும் பார்த்தாள். மூன்று கிலோமீட்டரில் பதினான்கு வளைவு, பதினான்கு முறையும் பார்த்தாள். ஓடும்போது நான் அவளை இப்படித் திரும்பிப் பார்த்த ஒரு தடவையையாவது ஞாபகப்படுத்திப் பார்த்தேன். வரவில்லை.

"ஏனுங்க, வர்றீங்களா?" என்று கடைசி வளைவிலிருந்து கேட்டாள்.

"வந்துட்டே இருக்கேன் கண்ணு, நீ போ" என்றேன். அவள் போகவில்லை, நான் வரும்வரை நின்றாள்.