டாக்டர் கொல்லவில்லை

அந்த எழுத்தாளர் காலமான செய்தி பத்திரிகையில் வந்த அன்று வீட்டில் எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். துப்பறியும் நாவல் மன்னர், ஒரு தலைமுறையையே தூங்கவிடாதவர் என்றெல்லாம் போட்டிருந்தது. நான் அந்தத் தாளைத் தரையில் விரித்து, அதன்மேல் வெங்காயம் உரித்தேன். செத்தவரைத் திட்டக் கூடாதுதான். ஆனால் அவர் உயிரோடு இருந்தபோதே திட்டிக் கார்டு போட்டவள் நான். அதனால் எனக்கு அந்த உரிமை உண்டு.

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் கல்யாணமாகி அரியலூருக்கு வந்தேன். பிறந்த ஊர் வரதராஜன்பேட்டை. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். கன்னியாஸ்திரீகள் நடத்திய போர்டிங்கில் என்னை எட்டாவது வரை படிக்கவைத்தார். கணவருக்கு ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் குமாஸ்தா வேலை. வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் மாமியாரும்தான். மாமியார் கைநாட்டு. ஆனால் ஒரு தடவை காதில் வாங்கியதை ஆயுசுக்கும் மறக்காதவர்.

அவருக்கு இரண்டு விஷயங்களில் உயிர். ஒன்று, பட்டாளத்துக்குப் போன சின்ன மகனின் கடிதம். மற்றது துப்பறியும் நாவல். இரண்டையும் வாசித்துக் காட்டுவது என் பொறுப்பு. என் கணவரிடம் கடிதத்தைக் கொடுத்தால் கண்ணை ஓடவிட்டு, “நல்லா இருக்கானாம்” என்று ஒரே பேச்சில் முடித்துவிடுவார். நான் ‘அன்புள்ள அம்மாவுக்கு’ என்பதில் தொடங்கிக் கையெழுத்து வரைக்கும் விடாமல் வாசிப்பேன். சில கடிதங்களில் பட்டாளத்து ஆட்கள் மூன்று நான்கு வரிகளைக் கறுப்பு மையால் அடித்திருப்பார்கள். சண்டை நடக்கும் இடம் வெளியே தெரியக் கூடாதாம். அந்த இடம் வந்தால், “இங்க மை பூசியிருக்குங்க அத்தை” என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போவேன். மகன் நல்லபடியாக இருக்கிறான் என்பதற்கு என் வாய்தான் அவருக்குச் சாட்சி. குழம்பில் உப்புக் கூடினால்கூட அவர் என்னை ஒன்றும் சொல்லாமல் இருந்தது அதனால்தான்.

அந்த எழுத்தாளரின் புதிய நாவலுக்காக ஒன்றரை வருஷம் காத்திருந்தோம். காகிதப் பஞ்சம் என்று தள்ளிக்கொண்டே போனார்கள். கடைசியில் ஸ்டேஷன் புத்தகக் கடையில் வந்து இறங்கிய அன்றே கணவர் ஒரு பிரதியை வாங்கி வந்தார். பழுப்புத் தாள், கண்ணைக் குத்தும் பொடி எழுத்து. அட்டையில் ஒரு பெண் கைத்துப்பாக்கியோடு நின்றாள். கதையில் கைத்துப்பாக்கியே கிடையாது. அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் இரண்டு அத்தியாயம் என்று கணக்கு. ஜமீன் பங்களாவில் பெரியம்மாள் விஷம் வைத்துக் கொல்லப்படுகிறாள். யார் வைத்தார்கள் என்பதுதான் கதை. மாமியார் மூன்றாம் அத்தியாயத்திலேயே டாக்டர்தான் என்று சொல்லிவிட்டார். கூப்பிடாமலே ஏன் வந்தான், மருந்துக் குப்பியை ஏன் கழுவி வைத்தான் என்று, வெற்றிலையை மென்றுகொண்டே கேள்வி மேல் கேள்வி போட்டார். எனக்கும் அவன் மேல்தான் சந்தேகம். புத்தகமும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

வாசிப்பதற்கு முன்னால் ஒரு தடவை புரட்டிப் பார்த்துக்கொள்வது என் வழக்கம். கடைசி அத்தியாயத்தை அடுப்படியில் நின்றபடி படித்தேன். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கொன்றது டாக்டர் இல்லையாம், மருமகளாம். கதை முழுக்கப் பெரியம்மாளுக்குக் கால் பிடித்துவிட்டு, கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, இரவெல்லாம் விழித்திருந்த அந்தப் பெண்தான் கொலைகாரியாம். காரணம் கேட்டால், பெண் மனதின் ஆழத்தை யார் அறிவார் என்று ஒரு வரி எழுதியிருந்தார். அவ்வளவுதான் காரணம். அதைவிட மோசம் ஒன்று உண்டு. பாலில் விஷம் கலந்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம். அந்தச் சாயங்காலம் மருமகள் தம்பி கல்யாணத்துக்காகக் கும்பகோணத்தில் இருந்தாள் என்று ஆறாம் அத்தியாயத்தில் அவரே எழுதியிருக்கிறார். எழுதியதை அவரே மறந்துவிட்டார். திரும்பிப் படித்துப் பார்க்கக்கூடச் சோம்பல். ஒன்றரை வருஷம் வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தவர்களுக்கு அவர் கொடுத்த மரியாதை இது.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். கதை தப்பு என்பதற்காக மட்டும் நான் அதை மாற்றவில்லை. பயமும் இருந்தது. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பகலெல்லாம் மாமியாரும் மருமகளும் மட்டும் தனியாக இருக்கும் வீடு. மாமியாருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த மருமகள் அவளைக் கொன்றாள் என்று, மாமியாருக்கு எதிரே உட்கார்ந்து எந்த வாயால் வாசிப்பது? அன்று மத்தியானம் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, தாளைத் தவறாமல் திருப்பி, டாக்டரைக் கொலைகாரனாக்கினேன். குப்பி, கூப்பிடாமல் வந்தது, பழைய உயில் எல்லாவற்றையும் முடிச்சுப் போட்டு அவனைப் போலீசில் பிடித்துக் கொடுத்தேன். நானே சொல்லக் கூடாது, அவர் எழுதியதைவிட நன்றாக இருந்தது.

மாமியார் தொடையைத் தட்டிச் சிரித்தார். அன்றைக்குப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் டாக்டரைத் தான் அப்போதே கண்டுபிடித்ததைச் சொன்னார். நான் புத்தகத்தை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். தொலைந்துவிட்டது என்று சொல்லிவிடலாம் என்பது என் திட்டம். நாங்கள் படித்து முடித்த நாவல் பெரம்பலூரில் இருந்த மாமியாரின் தங்கை வீட்டுக்குப் போவது வழக்கம். அங்கே அவர் மகள் வாசிப்பாள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் பானைக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. அரிசி எடுக்க வந்த மாமியார் கண்ணில் அது பட்டு, என் கணவர் அதைப் பெட்ரோல் பஞ்சத்தில் கரியால் ஓடிய பெரம்பலூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பிவிட்டார்.

அடுத்த மாதம் தங்கையே புத்தகத்தோடு வந்து இறங்கினார். காப்பியைக் குடித்துக்கொண்டே, கடைசியில் அந்த மருமகள் இப்படிச் செய்வாள் என்று யார் கண்டது என்றார். மாமியார் சிரித்தார். மருமகள் இல்லை, டாக்டர் என்றார். தங்கை விடவில்லை. இரண்டு பேருக்கும் பேச்சு முற்றியது. அப்போதுதான் மாமியார் அந்த வார்த்தையைச் சொன்னார்.

“ஒம் மவ எழுத்துக் கூட்டிப் படிக்கிறவடி. எம் மருமவ மடத்துல படிச்சவ. அவ வாயில ஒரு எழுத்து தப்பாது. எடும்மா பொஸ்தகத்த. சின்னத்தைக்குப் படிச்சுக் காட்டு.”

புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தார். மறுபடியும் டாக்டரைக் கொண்டுவர முடியாது. கதை தெரிந்தவர் எதிரே இருக்கிறார். அச்சில் இருந்ததை இருந்தபடி வாசித்தேன், பெண் மனதின் ஆழம் வரைக்கும். முடித்ததும் தங்கை, கதைதானே அக்கா, விடு என்றார். தங்கையின் முன்னால் தலை குனிந்த என் மாமியாருக்கு அதுதான் இன்னும் அவமானமாக இருந்திருக்கும்.

தங்கை பஸ் ஏறிப் போனதும் சாப்பாடு போட்டேன். மாமியார் நான் போட்டதைச் சாப்பிட்டார். இரண்டாம் தடவை மோர் கேட்டு வாங்கிக்கொண்டார். விஷத்துக்குப் பயந்தவர் அப்படிச் சாப்பிட மாட்டார். தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். கையைக் கழுவிவிட்டு உள்ளே போனவர் பிஸ்கட் டப்பாவோடு வந்தார். அதில்தான் மகனின் கடிதங்கள் இருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்து, மை பூசியவற்றை மட்டும் தனியே எடுத்து என் முன்னால் பரப்பினார்.

“இந்த மையி யாரு பூசுனது?”

பட்டாளத்தில் பூசியது என்றேன். அன்றைக்கே சொன்னேனே அத்தை என்றேன். மாதா மேல் சத்தியம் செய்தேன். நான் ஒரு எழுத்தைக்கூட மறைத்ததில்லை. அது கர்த்தருக்குத் தெரியும். அவன் காய்ச்சலில் கிடந்ததைக்கூட, மனசு கேட்காமல், அப்படியேதான் வாசித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“டாக்டரு கொன்னான்னு படிச்சப்பவும் ஒம் மூஞ்சி இப்படித்தான் இருந்துச்சு.”



அன்றிலிருந்து கடிதம் வந்தால் மாமியார் முக்காடு போட்டுக்கொண்டு மாதா கோயில் உபதேசியாரிடம் எடுத்துப் போனார். அவர் சுவிசேஷம் வாசிக்கும் ராகத்தில் வாசித்து அனுப்புவார். பழைய கடிதங்களையும் அவரிடம் மறுபடி வாசித்துக் கேட்டார். நான் சொன்னதும் அவர் சொன்னதும் ஒன்றாகத்தான் இருந்தன. மை பூசிய இடம் மட்டும் மையாகவே இருந்தது. பட்டாளத்து வழக்கம் அதுதான் என்று உபதேசியாரும் சொல்லிப் பார்த்தார், என் கணவரும் சொன்னார். பெண்டாட்டிக்குப் பரிந்து பேசுகிறான் என்று மாமியார் அவர் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கணவர் என்னிடம் வந்து, ஒரு கதைக்குப் போய் இவ்வளவா என்றார். அந்தக் கேள்விக்காக அவர் மேலும் எனக்குக் கோபம் உண்டு.

கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது, கதையை மாற்றி வாசித்ததைச் சாமியாரிடம் சொன்னேன். அந்த மாதிரிப் புத்தகத்தைத் தொட்டதே முதல் தப்பு என்று சொல்லி, பத்து அருள்நிறை மந்திரம் அபராதம் கொடுத்தார். மந்திரத்தைச் சொல்லி முடித்தேன். எழுதியவருக்கு யார் அபராதம் போடுவது என்று கேட்க அங்கே ஆள் இல்லை. அதனால் அவருக்கே கார்டு எழுதினேன். வெள்ளிக்கிழமை கும்பகோணத்தில் இருந்தவள் ஜமீன் பங்களாவில் எப்படி விஷம் கலந்தாள் என்று கேட்டேன். உங்கள் சோம்பலால் ஒரு குடும்பத்தில் ஒரு பெண்ணின் பேச்சுக்கு மதிப்பில்லாமல் போயிற்று என்றும் எழுதினேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. அச்சடித்த கார்டு. தங்கள் பாராட்டுக்கு நன்றி, அடுத்த நாவல் விரைவில் என்று இருந்தது. கையெழுத்தும் அச்சுதான்.

சண்டை ஓய்ந்து மறு வருஷம் கொழுந்தன் நல்லபடியாக வந்து சேர்ந்தார். வந்த அன்றைக்கே எனக்கு விடுதலை என்று நினைத்தேன். எழுதியவரே வந்துவிட்டாரே, மைக்கு அடியில் இருந்ததை அவரே சொல்லிவிடுவாரே என்று கோழி அடித்துக் குழம்பு வைத்தேன். மாமியாரும் அதற்குத்தான் காத்திருந்தார் போலிருக்கிறது. மகன் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் டப்பாவைத் திறந்து, நான்கு வரி கறுப்பாக இருந்த கடிதத்தை நீட்டினார். நான் கரண்டியும் கையுமாக நிலைப்படியில் நின்றேன்.

“இதுல என்னடா எழுதியிருந்த?”

கொழுந்தன் கடிதத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பல வருஷத்துக்கு முந்தைய கடிதம், எங்கெங்கேயோ கிடந்து எழுதியது.

“ஞாபகம் இல்லம்மா. ஏதாவது ஊர் பேரா இருக்கும்.”

“மையி அங்க பூசுனதுதானா? நீ பாத்தியா?”

“நான் எங்கம்மா பாக்கிறது. எழுதிக் கொடுத்ததோட சரி. அதுக்கப்புறம் யாரு என்ன பண்ணாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

அவர் வெள்ளை மனசாகச் சொன்னார். மாமியார் கடிதத்தை வாங்கி, மடிப்பு மாறாமல் மடித்து, டப்பாவில் வைத்து மூடினார். அந்த எழுத்தாளரை என் கண் முன்னால் நிறுத்தியிருந்தால் அப்போது கரண்டியாலேயே அடித்திருப்பேன். மாமியார் என் பக்கம் திரும்பி, பிள்ளை பசியோடு இருக்கிறான், சோறு போடு என்றார். அதன் பிறகு பதினோரு வருஷம் உயிரோடு இருந்தார். என்னிடம் ஒரு வரிகூட வாசிக்கச் சொல்லிக் கேட்கவில்லை.