முள் ஆடாத கராஜ்

விளக்குத் தேய்க்கப் புளி கரைத்தால் மற்றவர்களுக்குப் பூஜையறை ஞாபகம் வரும். எனக்கோ டெக்சாஸின் ரவுண்ட் ராக் ஊரில், வீட்டோடு இடிபட்டு இப்போது ரோடாகிவிட்ட எங்கள் கராஜும், அப்பாவின் ரைஃபிள் தோட்டாக்களுடைய பித்தளைக் கூடுகளும்தான் ஞாபகம் வருகின்றன.

எறும்பைக்கூட மிதிக்காத அப்பா, துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போய்க் காகிதக் குறியை மட்டும்தான் சுடுவார். எல்லாத் தோட்டாவும் ஒரே வேகத்தில் போய் ஒரே ஓட்டையில் விழ வேண்டும் என்பதற்காக, சனிக்கிழமைதோறும் சுட்டு முடித்த கூடுகளைப் புளித்தண்ணீரில் ஊறவைத்து, தேய்த்து, காயவைத்து, ஒவ்வொன்றுக்கும் வெடிமருந்தைச் சின்னத் தராசில் எடைபோட்டுத் தானே நிரப்புவார். காற்றுப்பட்டால் தராசு முள் ஆடும் என்று டெக்சாஸ் வெயிலிலும் ஃபேன் கிடையாது, கதவைத் திறக்கக்கூடாது, பேசவும் கூடாது. பிறந்ததிலிருந்து வாய் மூடாத நான், அவர் பக்கத்தில் உட்காரும் ஆசைக்காக உதட்டைக் கடித்துக்கொண்டு, ஊறவைத்த இன்னொரு கூடு மாதிரி வியர்வையில் நனைந்தபடி ஸ்டூலில் இருப்பேன்.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுப்பாள். "ரசத்துக்கு வெச்ச புளிய மறுபடி எடுத்தீங்களா? இனிமே உங்க துப்பாக்கியே ரசம் வெக்கட்டும்."

நான் சிரித்துவிடுவேன். முள் ஆடும்.

"வெளிய போடி, வாயாடி," என்பார் அப்பா, முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமலே.

அப்பாவுக்கு வேலை மாறி நாங்கள் கலிஃபோர்னியா கிளம்பிய அன்று, தராசைப் பக்கத்து வீட்டு அங்கிளுக்குக் கொடுத்துவிட்டு வந்து, காலியான கராஜில் அப்பாவே ஃபேனைப் போட்டார்.

"இப்ப எவ்வளவு வேணா பேசு கண்ணு."

அன்றைக்கென்று பார்த்து எனக்கு ஒரு வார்த்தைகூட வரவில்லை.