உடைந்த ஸ்டட்

பொன்மலையில் கார் பட்டறை நடத்தும் கனிஷ்காவுக்கு அன்று ஓர் அவசர வேலை. ஸ்ரீரங்கத்து வெங்கட்ராகவன் தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரை ஞாயிற்றுக்கிழமை கோயம்புத்தூர் பந்தயத்தில் ஓட்டுவதாக இருந்தார். அதற்குள் இன்ஜின் புகை வெளியேறும் இரும்புக் குழாயைக் கழற்றிவிட்டு, புகை தடையில்லாமல் போகிற புது ஹெடரை மாட்ட வேண்டும். அப்போதுதான் வண்டி கூடுதல் வேகமெடுக்கும்.

பழைய குழாயின் கடைசி நட்டைக் கழற்றும்போது, அது மாட்டியிருந்த ஸ்டட் என்ற மரையாணி முறிந்து, மீதித் துண்டு இன்ஜினுக்குள் மாட்டிக்கொண்டது.

"என்ன சத்தம் அது?" என்றார் பக்கத்தில் நின்ற வெங்கட்ராகவன்.

"ஸ்டட் உடைஞ்சிடுச்சு சார். வெல்டு வச்சு எடுத்துப் பாக்கறேன். வரலைன்னா இன்ஜினைப் பிரிக்கணும். ஞாயித்துக்கிழமை ஓட்ட முடியாது."

"வேண்டாம், நிறுத்துங்கோ! சென்னையிலேர்ந்து ஆள் வரச் சொல்றேன்."

"அவர் வந்தாலும் இதைத்தான் சார் செய்வார். ஒரு தடவை பாத்துடறேன்."

அவர் விலகி நின்றார்.

முறிந்த முனையில் ஒரு நட்டை வைத்து வெல்டு செய்தாள். சூடு தணிந்ததும் ஸ்பானரால் அழுத்தினாள். அசையவில்லை. இன்னும் அழுத்தினால் வெல்டு விட்டுவிடும். மறுபடி சூடாக்கி, இறுக்கும் பக்கம் கொஞ்சம், கழற்றும் பக்கம் கொஞ்சம் என்று பொறுமையாக அசைத்தாள். கிரீச்சென்று சத்தம் கேட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"சுத்துது சார்," என்றாள். ஸ்பானரை நிறுத்தாமல் மெல்லத் திருப்பினாள்.

ஸ்டட் முழுசாக வெளியே வந்தது. சாயங்காலத்துக்குள் ஹெடரை மாட்டிவிட்டாள்.

ஞாயிறு மாலை அவர் போன் செய்தார். நான்காவதாக வந்திருந்தார்.

"ஹெடர்ல கசிவு எதுவும் இல்லையே சார்?" என்றுதான் அவள் முதலில் கேட்டாள்.