மாடிக் குடைக்கு ஒரு அடிக்கட்டை

எனக்குச் சயரோகம் என்று டாக்டர் சொன்ன வாரத்திலேயே, மூன்று வயது மகளை ஏரலில் இருந்த என் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். யுத்த காலம். அந்த நோய்க்கு நம்பிக்கையான மருந்து எதுவும் அப்போது எங்கள் பக்கம் வந்திருக்கவில்லை. சானடோரியத்தில் இடம் கேட்டு எழுதியதற்குக் காத்திருக்கச் சொல்லிப் பதில் வந்தது.

"அதுவரைக்கும் வீட்டுலயே பாப்போம்," என்றார் டாக்டர். "பகல் முழுக்க வெட்டவெளியில படுத்திருக்கணும். காத்துதான் உங்களுக்கு மருந்து. ஆனா வெயில் நெஞ்சில படக் கூடாது. பால், முட்டை, மீன் எண்ணெய். கையைத் தூக்கி எந்த வேலையும் செய்யாதீங்க. படி ஏறி இறங்காதீங்க."

தூத்துக்குடியில் காற்றுக்குப் பஞ்சமில்லை. துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில், ஒரு வீட்டின் மாடிப் பகுதியில் குடியிருந்தோம். ஒரு அறை, சின்னச் சமையற்கட்டு, முன்னால் விரிந்த மொட்டை மாடி. காற்று எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும். நிழல்தான் இல்லை.

கீற்றுப் பந்தல் போடலாம் என்றால் கீழே குடியிருந்த வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. முன்பு அதே மாடியில் போட்ட பந்தலில் பக்கத்து அடுப்புப் பொறி விழுந்து தீப்பிடித்திருக்கிறது. தளத்தில் குழி தோண்டிக் கால் நடவும் கூடாது. "மழைக்கு ஒழுகும் அண்ணாச்சி. உங்களுக்குப் பிறகு இங்கன நான் இருக்கணும்லா," என்று என் கணவரிடம் சொல்லிவிட்டார்.

என் கணவர் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் வேலை பார்த்தார். துறைமுகத்தில் நின்று, இறங்கும் மூட்டைகளை எண்ணி எழுதுகிற வேலை. எண்ணுகிறவர்கள் வெயிலுக்கு உட்கார ஆபீசில் பெரிய கித்தான் குடைகள் உண்டு. கம்பி வளைந்துபோனதால் கழித்துப் போட்டிருந்த ஒன்றைக் கேட்டு வாங்கி, மாட்டுவண்டியில் கொண்டுவந்தார். வண்டிக்காரர் பாதிப் படி வரைக்கும் தூக்கி வந்து, அங்கேயே சாத்தி வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். மேலே நோயாளி இருப்பது தெருவுக்கே தெரியும். மிச்சப் படிகளுக்கு என் கணவர் தனியாக இழுத்தார்.

விரித்துப் பார்த்தபோது எனக்கே சந்தோஷமாக இருந்தது. கட்டிலும் முக்காலியும் அடங்குகிற அளவுக்கு நிழல். ஆனால் அது ஆனி மாதம். கச்சான் காற்று தொடங்கியிருந்தது. காலை பத்து மணிக்கு மேற்கேயிருந்து கிளம்பினால் சாயங்காலம் வரைக்கும் ஓயாத காற்று. துறைமுகத்தில் குடைக்காலை மணலில் ஆழமாக இறக்கிவிடுவார்கள். மாடியில் அதை எதில் நிறுத்துவது?

முதலில் ஒரு மண்ணெண்ணெய் டின்னில் மணலை இட்டு நிரப்பி, நடுவில் காலைச் செருகினார். மறுநாள் பத்தரை மணிக்கு டின்னோடு சாய்ந்தது. நல்ல வேளை, எனக்கு எதிர்ப்பக்கமாக விழுந்தது. 

"கனம் பத்தல," என்றார் சாயங்காலம் வந்து. கனத்தைக் கூட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது அவர் நம்பிக்கை. சமையற்கட்டில் கிடந்த ஆட்டுரலை உருட்டிக்கொண்டு வந்து, அதன் குழியில் குடைக்காலை நிறுத்தி, சுற்றிலும் கிழிந்த சாக்கைத் திணித்து இறுக்கினார். எனக்கு ஆட்டுரல் போனதில் வருத்தமில்லை. மாவாட்டத்தான் எனக்கு அனுமதி இல்லையே.

இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் கால் குழிக்குள் ஆடத் தொடங்கியது. நான் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட ஆடச் சாக்குத் துணி வெளியே வந்துகொண்டிருந்தது. எழுந்து பிடிக்கலாமா என்று நினைக்கும்போதே குடை ஒரு துள்ளுத் துள்ளி, கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் போயே போய்விட்டது. ஆட்டுரல் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. கீழே ஓடு உடைகிற சத்தம் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுப் பெண் படியேறி வந்தாள். அவள் கணவர் கொழும்புக்குச் சரக்குத் தோணி ஓட்டுகிற தண்டல். என் நோய் தெரிவதற்கு முன், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சுவருக்கு மேலாக எனக்கு மீன் குழம்பு நீட்டுவாள். தெரிந்த பிறகு மூன்று மாதமாக எட்டிப் பார்க்கவில்லை. இப்போது மேல்படியில், சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

"யக்கா, உங்க குடை எங்க குசினி ஓட்டை உடைச்சிக்கிட்டு அடுப்புப் பக்கத்துல வந்து நிக்கி."

"பிள்ளையளுக்கு ஒண்ணும் ஆகலியே?"

"எல்லாம் பள்ளிக்கூடம் போயிட்டு. மீன்சட்டிதான் போச்சு." சொல்லிவிட்டு ஆட்டுரலைப் பார்த்தாள். "இதுலயா நட்டு வச்சிருந்திய?"

"கனமாத்தான இருக்கு."

"கனம் போதும்க்கா. அது இருக்குற இடந்தான் சரியில்ல." அவள் படியை விட்டு மாடிக்குள் வந்தாள். காற்றில் அவள் சேலை படபடத்தது. இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். அடித்த காற்றில் ஒரு பக்கமாகத் தடுமாறினாள். பிறகு தோணித் தட்டில் நிற்பவர்களைப் போலக் கால்களை அகட்டி, கைகளை இடுப்பில் வைத்து நின்றுகாட்டினாள். "இப்ப அடிக்கச் சொல்லுங்க பாப்போம். நான் அதே கனந்தான?"

அவள் நல்ல பருமன். அவள் நின்ற தோரணையைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு. சிரித்ததில் இருமல் வந்தது. துணியை வாயில் வைத்து எடுத்தேன். அதில் சிவப்பு இல்லை. அவளும் அதைப் பார்த்தாள். "எங்க வீட்டாளுட்ட சொல்லுதேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

கச்சான் அடிக்கிற மாதங்களில் தோணிகள் கடலுக்குப் போகாது. தண்டலும் வீட்டில்தான் இருந்தார். ஓடு உடைந்ததற்கு மன்னிப்புக் கேட்கப் போன என் கணவர், குடையோடு அவரையும் கூட்டிக்கொண்டு திரும்பினார். தண்டல் மாடியைக் குறுக்கும் நெடுக்கும் நடந்து பார்த்தார். குடைக்காலைக் கையில் பிடித்து அசைத்துப் பார்த்தார்.

"ஒரு பீப்பாயில சிமெண்டைக் கொட்டி நட்டுட்டா?" என்று என் கணவர் கேட்டார்.

"சிமெண்டு கண்ட்ரோல்ல கிடைக்கதுக்குள்ள கச்சானே போயிரும் அண்ணாச்சி. கிடைச்சாலும் வேண்டாம். அம்புட்டுப் பாரத்தையும் ஒரே இடத்துல வச்சா தளம் என்னத்துக்கு ஆகும்? பாய்மரத்தை நாங்க பாரத்தை வச்சா நிறுத்துதோம்? அடியில அகலமான கட்டை, நாலு பக்கமும் பிடிமானம்."

"அப்போ உப்பு மூட்டை? நாலு பக்கமும் அடுக்கிரலாமே."

"உப்பு ஈரம் குடிச்சுக் கரைஞ்சு ஓடிரும். தளமும் அரிச்சுப் போகும். மணல் மூட்டை போட்டா வெயில்ல சாக்கு இத்துப்போவும். கல்லுதான் நல்லது. எங்க தோணியில வெறுங்கப்பலா வரும்போது அடிபாரத்துக்குப் போடுத கல்லு கரையில சும்மாதான் கிடக்கு."

இரண்டு நாளில் அடிக்கட்டை தயாரானது. வைரம் பாய்ந்த பனங்கட்டை இரண்டை, ஆளுயரத்துக்கு வெட்டி, சிலுவை மாதிரி ஒன்றில் ஒன்று பதித்தார்கள். நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு இரும்புக் குழாய். குடைக்கால் அதற்குள் இறங்கும். இறங்கிய பிறகு மர ஆப்புகளை அடித்துவிட்டால் துளியும் ஆட்டம் இருக்காது. குழாயிலிருந்து சிலுவையின் நான்கு கைகளுக்கும் சாய்வாக நான்கு முட்டுகள். கற்களைத் தண்டல் காலால் புரட்டிப் பார்த்துத் தட்டையானவையாகப் பொறுக்கியிருந்தார். அவற்றை நடுவில் வைக்கவில்லை. கைகளின் கடைசி முனைகளில் வைத்துக் கயிற்றால் வரிந்து கட்டினார்.

வீட்டுக்காரர் மேலே வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். "மாடி தாங்குமா?"

தண்டல் அவரையே கீழே கூட்டிக்கொண்டு போய், உள்சுவர் எங்கே ஓடுகிறது என்று கயிறு பிடித்து அளந்து வந்தார். கட்டையின் இரண்டு முனைகள் அந்தச் சுவருக்கு நேர் மேலே வருகிற மாதிரி திருப்பி வைத்ததும் வீட்டுக்காரர் சமாதானமானார். 

கடைசியாகத் தண்டல் ஒரு காரியம் செய்தார். கத்தியை எடுத்துக் குடையின் உச்சியில் ஒரு தட்டு அளவுக்கு வட்டமாகக் கித்தானை வெட்டி எடுத்தார். என் கணவர், "என்ன அண்ணாச்சி, ஓட்டை போடுதிய!" என்று அலறிவிட்டார்.

"உள்ள புகுந்த காத்து வெளிய போக வழி வேண்டாமா? வழி இல்லன்னா அது குடையத்தான் தூக்கிட்டுப் போவும்." ஓரத்தை மடித்துத் தைத்து, அந்த ஓட்டைக்கு மேலே ஒரு சின்னத் தொப்பி மாதிரி இன்னொரு துண்டை, இடைவெளி விட்டு, தளர்வாகத் தைத்துக் கொடுத்தார். வெயில் இறங்கவில்லை. காற்று போனது.

ஒரே ஒரு சங்கடம். வெயில் நகர நகர நிழலும் நகரும். அடிக்கட்டையை ஒரு ஆளால் அசைக்க முடியாது. அதற்கு என் கணவர் வழி கண்டுபிடித்தார். குடை நிற்கட்டும், கட்டில் நகரட்டும் என்றார். காலை எட்டு மணிக்கு, பத்து மணிக்கு, மூன்று மணிக்கு என்று கட்டில் வைக்க வேண்டிய இடங்களைத் தளத்தில் சுண்ணாம்பால் குறித்து வைத்தார். மூட்டை எண்ணுகிறவர் புத்தி. காலையில் அவரே கட்டிலை இழுத்து வைத்துவிட்டு ஆபீஸ் போவார். மற்ற இரண்டு நேரத்துக்கு யார் இழுப்பது என்று அவர் யோசிக்கவில்லை. முதல் நாள் பத்து மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரி வந்து இழுத்துவிட்டுப் போனாள். மறுநாளும் வந்தாள். அப்போதும் வாயை மூடியபடிதான். நான் எழுந்து எட்டத்தில் நின்றுகொள்வேன்.

ஆடி மாதம், மாதா கோயிலில் கொடியேறியிருந்த சமயம், ஒரு நாள் நடுப்பகலில் காற்று வெறிபிடித்தாற்போல் கிளம்பியது. தெருவிலிருந்து மணல் மேலே ஏறி வந்து கண்ணில் அறைந்தது. குடையை மடக்கக் கையைத் தூக்க வேண்டும். அது கூடாது. கித்தான் உப்பிக்கொண்டது, கால் முனகியது. நான் படுத்தபடி, கயிறு கட்டிய அந்த நான்கு கற்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். மகளின் முகம் மனதில் வந்து வந்து போனது.

தடதடவென்று படியேறுகிற சத்தம். பக்கத்து வீட்டுக்காரி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஓடி வந்தாள். வந்த வேகத்தில் காற்று வரும் பக்கத்துக் கட்டைக் கையின் மேல், கல்லுக்குப் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். தலைப்பு வாயை மூடவில்லை. அதற்கு நேரமே இருந்திருக்காது.

பிறகு அவள் மெதுவாக எழுந்து நின்று பார்த்தாள். கட்டை ஒரு இம்மியும் அசையவில்லை. மறுபடியும் உட்கார்ந்தாள். மறுபடியும் எழுந்தாள்.

"நான் வேண்டாம்போல இருக்கே," என்றாள்.

"அது தானாத்தான் நிக்கி. நீங்க போங்க, அடுப்புல ஏதாவது இருக்கும்."

அவள் போகவில்லை. அந்தப் பனங்கட்டையிலேயே வசதியாக உட்கார்ந்துகொண்டாள். "யக்கா, நான் பயந்துதான் வராம இருந்தேன். எனக்கு நாலு பிள்ளைய. எங்க அண்ணன் இந்த நோயிலதான் போனான். அவன் கிடந்த அறைக்குள்ள ஒருத்தரும் போகமாட்டோம். சன்னலையும் அடைச்சே வச்சிருப்போம். நீங்க இப்படி வெளிச்சத்துல கிடக்கதைப் பாக்கும்போது எனக்கு வேற மாதிரி தோணுது."

"பயப்படுதது சரிதான். எட்டி இருந்தா போதும்னு டாக்டர் சொல்லுதாவ. நான் இருமுதப்ப மட்டும் துணியால மூடிக்கிடுதேன்."

"சரி. நான் இந்தப் பக்கம். காத்து எங்கிட்ட இருந்துதான உங்ககிட்ட வருது," என்று சிரித்தாள்.

சாயங்காலம் வரைக்கும் பேசிக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகு கட்டிலை இழுக்க வருகிறவள் அரை மணியாவது உட்கார்ந்துவிட்டுத்தான் போவாள். ஞாயிற்றுக்கிழமைக் குழம்பும் மறுபடி வந்தது. அதற்கென்று எனக்குத் தனிச் சட்டி. அதை வெந்நீரில் கொதிக்க வைத்துத்தான் திருப்பித் தருவேன். இரண்டு பேருக்கும் அதில் கூச்சமில்லை.

ஆவணியில் காய்ச்சல் நின்றது. புரட்டாசியில் எடை ஏறத் தொடங்கியது. ஐப்பசி மழைக்குக் குடையை மடக்கி உள்ளே வைத்தோம். மார்கழியில் மறுபடி நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுத்தபோது, டாக்டர் அதை சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, சுருங்கியிருந்த வெள்ளைப் புள்ளியைத் தொட்டுக் காட்டினார். சானடோரியத்திலிருந்து இடம் இருப்பதாகக் கடிதம் வந்ததும் அப்போதுதான். வேறு யாருக்காவது அந்தக் கட்டிலைக் கொடுக்கச் சொல்லிப் பதில் எழுதினோம். மாசியில் மகள் வந்தாள். முதல் இரண்டு நாள் என்னை அத்தை என்று கூப்பிட்டாள். மூன்றாம் நாள் சரியாகிவிட்டது.

பங்குனியில் ஒரு நாள் சாயர்புரத்திலிருந்து ஒரு வாத்தியார் சைக்கிளில் வந்தார். அவர் மனைவிக்கும் அதே நோய். எங்கள் குடையைப் பார்த்து வரும்படி டாக்டர் அனுப்பியிருந்தார். படிக்குக் கீழேயே நின்று, மேலே வரலாமா என்று கேட்டார்.

"வாங்க, வாங்க," என்றேன். அடிக்கட்டையை அவர் நாடாவால் அளக்க, மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரி வந்து, கால்களை ஒட்டியும் அகட்டியும் நின்று அவருக்கு விளக்கினாள். வாத்தியார் சிரிக்காமல், கவனமாக ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். கித்தானுக்கு எங்கே போவது என்று கவலைப்பட்டார். அவள் தன் வீட்டுக்குப் போய்ப் பழைய தோணிப் பாயிலிருந்து ஒரு பெரிய துண்டை எடுத்துவந்து அவர் சைக்கிளில் கட்டிவிட்டாள்.

அடுத்த ஆனியில் வாத்தியாரின் மனைவியே எழுதிய கடிதம் வந்தது. குடை அசையாமல் நிற்கிறது என்றும், காய்ச்சல் முன்போல் இல்லை என்றும் எழுதியிருந்தாள். அவர்கள் ஊர்க் காற்றில் தேரி மேட்டு மணல் சிவப்புச் சிவப்பாக வந்து கட்டிலெல்லாம் நிறைகிறது, அதற்கு என்ன செய்வது என்று கேட்டிருந்தாள். நானும் பக்கத்து வீட்டுக்காரியும் உட்கார்ந்து யோசித்தோம். மேற்குப் பக்கம் ஒரு பழைய வேட்டியைக் கட்டி, அதை அடிக்கடி நனைத்துவிடச் சொல்லிப் பதில் எழுதினேன். தபாலாபீஸ் வரைக்கும் நானே நடந்து போய் அதைப் பெட்டியில் போட்டேன்.