அம்மிக் குழவியில் விரிந்த லண்டன் குழல்

அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் பின்னால் பளபளத்த இரண்டு புகைக்குழல் முனைகளையும் செய்தவன் நான். பெங்களூர் அல்சூரில், எங்கள் வீட்டுப் பின்கட்டில், வெந்நீர் அடுப்பில். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கார்க்காரன் அதை ஒருத்தரிடமும் சொல்லவில்லை.

அவன் என்னோடு இன்ஜினியரிங் படித்தவன். அப்பாவுக்குக் காப்பித் தோட்டம். ஊருக்குக் கிளம்பிய வெள்ளைக்காரர் ஒருவரிடமிருந்து அந்தக் காரை வாங்கினான். வெளிநாட்டுச் சாமான் எதுவும் லேசில் கிடைக்காத அறுபதுகளின் தொடக்கம் அது. பழைய முனைகள் துருப்பிடித்து உதிர்ந்ததும் நேராக என்னிடம்தான் வந்தான்.

"நீதான்டா கில்லாடி. பண்ணிக் குடு மச்சான்."

பண்ணினேன். குழாயின் வாயைச் செக்கச்செவேலென்று காய்ச்சி, அம்மிக் குழவியின் கூம்பிய முனையில் செருகி, சுற்றிச் சுற்றித் தட்டினால் ஊமத்தம்பூ மாதிரி விரியும். அவசரப்பட்டு ஆறின இரும்பில் தட்டினால் கிழியும். எனக்கு முதலில் கிழிந்தது. கூடவே குழவியிலும் ஒரு சில்லு தெறித்தது.

"டேய், நாளைக்குச் சட்னியில கல்லு கடிச்சா ஒங்கப்பா என்னைத்தான் கேப்பாரு. நீ படிச்ச காலேஜ்ல இதுக்கு ஒரு இரும்புக் குழவி குடுக்கலியா?" என்றாள் அம்மா.

விரித்த வாயைப் பித்தளை உருக்கி, காரில் மாட்டும் குழாய்த் துண்டோடு ஒட்டினேன். அடுகோடியில் ஒரு பட்டறையில் குரோமியம் முலாம் போட்டு வாங்கினேன். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. அதைக் காட்டியே நகரத்துக் கார்க்காரர்களிடம் வேலை பிடிப்பது, யாருக்கும் கைகட்டி நிற்காமல் சொந்தப் பட்டறை போடுவது என்று இருந்தேன்.

ஒரு சாயங்காலம் காப்பி ஹோட்டல் வாசலில் காரைச் சுற்றிக் கூட்டம். யாரோ குனிந்து முனையைத் தடவி, எங்கே வாங்கியது என்று கேட்டார்.

"லண்டன்லேர்ந்து வரவழைச்சது, குரு. இங்க எவன் இவ்ளோ நீட்டா பண்ணுவான்?"

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். என்னைப் பார்த்து ஒரு கண்ணடிப்பு வேறு.

கூட்டம் கலைந்ததும் கேட்டேன். "ஏன்டா, நான் பண்ணதுன்னு சொன்னா ஒன் வாய் வெந்துடுமா?"

"அல்சூர்ல பண்ண மால்னு சொன்னா எவன்டா மதிப்பான்? சும்மனே கோச்சுக்காதே."

அன்றே முடிவு செய்துவிட்டேன், இவனை விடக்கூடாது.

சந்தர்ப்பத்தை அவனே கொண்டுவந்து கொடுத்தான். ரிவர்ஸ் எடுக்கும்போது சுவரில் இடித்து இடது முனையை நசுக்கிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை கண்டோன்மென்ட் மைதானத்தில் கார் கண்காட்சி. அதற்குள் புதிதாக ஒன்று வேண்டுமாம். தேன் ஒழுகச் சரி என்றேன்.

அதே குழாய், அதே குழவி, அதே முலாம். ஒட்டு மட்டும் வேறு. பித்தளைக்குப் பதில், குழாயின் உள்பக்கம் ஈயப் பற்று வைத்தேன். ஓட்டைக் குடத்தை அடைக்கிற அதே ஈயம். மெதுவாக ஓட்டினால் தாங்கும். மிதித்து ஓட்டினால் புகைச் சூட்டில் இளகிவிடும். கண்காட்சியின் கடைசி அயிட்டமே மைதானத்தைச் சுற்றி வேகமாக ஓட்டிக் காட்டுவதுதான்.

மிதித்தான். இரண்டாவது சுற்றில் முனை கழன்று, டங்கென்று விழுந்து, நடுவர்களின் மேசை வரை உருண்டு போனது. காரை நிறுத்தி ஓடிவந்து வெறுங்கையால் எடுத்தான். அலறிக்கொண்டு கீழே போட்டான்.

"இன்னாப்பா, லண்டன் சாமான் நடந்தே ஊருக்குப் போவுதா?" என்றது கூட்டத்தில் ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். எல்லாரையும் விட உரக்கச் சிரித்தவன் நான்தான். அதில்தான் அவன் என்னைப் பார்த்துவிட்டான்.

"லண்டனும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல! தோ நிக்கிறானே, இவன் பண்ணது! அல்சூர்ல, இவன் வீட்ல! ரெண்டுமே இவன் பண்ணதுதான்!"

இத்தனை நாள் நான் எதிர்பார்த்த வார்த்தைகள். மைதானம் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. கழலாத வலது முனையைக் குனிந்து ஆராய்ந்துகொண்டிருந்த ஒருவர், கண்காட்சிக்குக் கறுப்புக் கார் கொண்டுவந்திருந்தவர், நிமிர்ந்தார்.

"நீயாப்பா பண்ணே?"

ஆமாம் என்று மட்டும் சொன்னால் வேலை தெரியாத பயல் என்று ஆகும். அதை என்னால் தாங்க முடியாது.

"ஆமா சார். அது நிக்கணும்னு பித்தளை வெச்சேன். இது விழணும்னு ஈயம் வெச்சேன்."

அவர் வலது முனையை இன்னொரு தடவை ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை.

"வேலை தெரிஞ்ச கைதான்," என்றார். "ஆனா என் வண்டிகிட்ட வந்துடாதே, தம்பி."

அவர் போனார். கூடவே இன்னும் சிலரும் நகர்ந்தார்கள். என் பட்டறை தொடங்கும் முன்பே மூடிவிட்டது என்று அந்த முதுகுகளைப் பார்த்ததும் புரிந்தது. நடுவில் அவன் மட்டும் வெந்த விரல்களை ஊதிக்கொண்டு நின்றான். நான் நகரவில்லை. அவன் ஊதி முடிக்கும்வரை நின்று பார்த்தேன்.