மூன்றடி இடைவெளி

மைசூரில் வீடு கட்டும்போது, காம்பவுண்டு சுவரோரம் மூன்றடி இடம் விடுவது விதி. விட்டோம். குடிபோனதும் என் கணவர் அந்த இடத்தை மேலேயும் இரண்டு முனையிலும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டு மூடி, வெந்நீர் அண்டாவுக்கு விறகடுப்பு வைத்தார். சமையலறைக் கதவு அந்த ஷெட்டுக்குள்தான் திறக்கும்.

"கார்ப்பரேஷன்காரங்க கேட்டா?" என்றேன்.

"இந்த கிராஸ் தெருவுல எல்லாருமே மூடிட்டாங்க. நம்மள மட்டுமா கேப்பாங்க?"

போன மழைக்காலத்தில் ஒருநாள் விடிந்ததும் அவர் அடுப்புப் பற்றவைக்கப் போனார். பின்னால் போன எனக்கு காஸ் நாற்றம் குப்பென்று அடித்தது. சமையலறையில் டியூப் கசிந்து, வெளியேற வழியில்லாமல் காஸ் ஷெட்டுக்குள் தேங்கியிருந்தது. ஜலதோஷத்தில் மூக்கடைத்திருந்த அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. குனிந்து தீக்குச்சியை உரசிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, உரசாதீங்க!" என்று அலறினேன்.

"எங்க பத்துது? மூணு குச்சி உரசிட்டேன். எல்லாம் நமுத்துக் கிடக்கு," என்றார்.

அன்றே ஷீட்டைப் பிரித்தோம். இரவில் ரெகுலேட்டரை மூடாமல் நான் படுப்பதில்லை. பக்கத்து வீட்டம்மாவிடமும் சொன்னேன். "ஏனூ ஆகல்ல பிடீம்மா" என்று சிரித்தார், ஒன்றும் ஆகாதாம். காலையில் அவர்கள் ஷெட்டில் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டால், நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.